எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்: ஒரு க்யூவின் வரலாறு

பத்தாவது மார்க் ஷீட் கைக்கு வந்ததும் நம்ம வீடுகள்ல சொல்றது: "முதல்ல எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சு வை." நானும் பதிஞ்சிருக்கேன். மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், விட்டா சீனியாரிட்டி போயிடும். வேலையே பார்க்காதவனுக்கு எப்படி சீனியாரிட்டி வந்தது? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

கதை 1945-ல் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான இந்திய வீரர்கள் ஊர் திரும்பும் நேரம். அவர்களுக்கு வேலை தேடித்தரத்தான் பிரிட்டிஷ் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்களைப் பரவலாகத் திறந்தது. வந்தவர்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவர், வயர்லெஸ் தெரிந்தவர் எல்லாம் இருந்தார்கள். ஆளையும் வேலையையும் பொருத்திவிட்டால் போதும்.

அடுத்து பிரிவினை அகதிகள் வந்தார்கள். 1948-ல் எல்லாருக்கும் கதவு திறந்தது. பள்ளி முடித்த பிள்ளைகளும் வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது சான்றிதழ் மட்டும்தான், அனுபவம் இல்லை. ஒரே படிப்பு படித்த ஆயிரம் பேரில் யாரை முதலில் அனுப்புவது? பதிந்த தேதியைப் பார்த்தார்கள். பொருத்துகிற இடம், காத்திருக்கிற வரிசையாக மாறியது.

1959-ல் ஒரு சட்டம் வந்தது. அரசுத் துறைகளும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களைத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. ஆனா அங்கிருந்துதான் ஆள் எடுக்கணும்னு சட்டம் சொல்லலை. 1987-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாக்கியது. 1996-ல், பத்திரிகையிலும் விளம்பரம் செய்து மற்றவர்களையும் பரிசீலிக்கச் சொன்னது.

என் தொழில்ல க்யூ பத்தி ஒரு பாலபாடம் உண்டு: உள்ளே வர்ற வேகத்துக்கு வெளியே போகலைன்னா, எவ்வளவு ஒழுங்கா வரிசைப்படுத்தினாலும் அது நீண்டுகிட்டேதான் போகும். தமிழ்நாட்டில் 2022-ல் ஒரு கட்டத்தில் பதிவு 70 லட்சத்தைத் தாண்டியது.

2006-ல் தமிழக அரசு வேலையற்ற இளைஞர்களுக்கு உதவித்தொகை கொண்டுவந்தது. அதைப் பெற, பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். காத்திருப்பே ஒரு தகுதி!

அந்த வருஷங்கள்ல "சும்மா இருக்கான்"னு பேச்சு வாங்கினவங்க சோம்பேறிகள் இல்லை. அரசு நிற்கச் சொன்ன வரிசையில் நின்றவர்கள். பள்ளிக்கும் வேலைக்கும் நடுவே பாலம் கட்ட வேண்டிய இடத்தில் டோக்கன் கொடுத்தார்கள்.

உங்க சித்தப்பா, அத்தைகிட்ட அந்தப் பழைய கார்டு இருந்தா வாங்கிப் பாருங்க. பதிஞ்ச வருஷம் எது, முதல் சம்பளம் வாங்கின வருஷம் எதுன்னு கேளுங்க. நடுவுல எத்தனை வருஷம்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.