இரவு இரண்டு மணிக்கு மேல் கணக்கில்லை: இந்திய வீட்டு இணையத்தில் அளந்ததும் அளக்காததும், 1995–2020

2000களின் பின்பாதியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வைத்திருந்த வீடுகளில் இரவு 2 மணிக்குத் தனி மவுசு இருந்தது. மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் 2.5 ஜிபி வரை இறக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் எம்பிக்கு இவ்வளவு என்று பில் ஏறும். ஆனால் இரவு 2 முதல் காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. 250 ரூபாய்த் திட்டக்காரருக்கு 1 ஜிபியோடு சரி, இரவுச் சலுகை கிடையாது. பலர் 500 ரூபாய்க்கு மாறியதே அந்த ஆறு மணி நேரத்துக்காகத்தான்.

அனுபவசாலிகள் சரியாக 2 மணிக்குத் தொடங்கமாட்டார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பைத் துண்டித்துவிட்டு 2.05க்குப் புதிதாக லாகின் செய்வார்கள், காலை 7.55க்கே வெட்டிவிடுவார்கள். இதில் மூடநம்பிக்கை ஒன்றுமில்லை. இணைப்பு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, நடுவில் எத்தனை பைட் போனது என்பதை வைத்துத்தான் கணக்கு எழுதப்படும். இரவு 1.30க்குத் தொடங்கிக் காலை 8.30க்கு முடியும் ஒரே இணைப்பில் எந்த பைட் 2 மணிக்கு முந்தியது, எது பிந்தியது என்று பிரிக்க, இடையிடையே பதிவு எடுத்திருக்க வேண்டும். அந்தப் பிரிவினையை பில் கணினியிடம் விட்டுவைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. தூக்கம் கெடாமலிருக்க, விண்டோஸின் ‘ஷெட்யூல்டு டாஸ்க்’கில் இணைப்பைத் தொடங்கும் ‘ராஸ்டயல்’ கட்டளையை எழுதிவைத்து, இறக்கும் மென்பொருளான ஃபிளாஷ்கெட்டையோ மியூடோரண்டையோ அதன் பின்னால் ஓடவிட்டவர்களும் உண்டு. இருட்டறையில் மோடத்தின் பச்சை விளக்கு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும்.

அந்த ஆறு மணி நேரம் ஏன் அளக்கப்படவில்லை என்பதிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. இணையக் கட்டண வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விலை எவ்வளவு, வரம்பு எத்தனை ஜிபி என்று பட்டியலிடுவார்கள். எதை அளந்தார்கள் என்பதைவிட எதை அளக்காமல் விட்டார்கள் என்பதே கூடுதலாகப் பேசுகிறது என்பது என் கணிப்பு. விலக்குகள் இரண்டு வகை. ஒன்று கடிகாரத்தைப் பார்த்துத் தரும் விலக்கு. இன்னொன்று முகவரியைப் பார்த்து, அதாவது எந்தத் தளத்திலிருந்து டேட்டா வருகிறது என்று பார்த்துத் தரும் விலக்கு. இந்தியச் சட்டம் இரண்டாவதைத் தடை செய்து முதலாவதை விட்டுவைத்தது. ஆனால் சந்தையில் முதலாவதுதான் காணாமல் போனது.

மணிக்கணக்கு

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் (விஎஸ்என்எல்) பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அளவுகோல் நேரம்தான். சந்தா கட்டினால் இத்தனை மணி நேரம். மாணவர்களுக்குப் படம் வராத, எழுத்து மட்டும் வரும் ஷெல் கணக்கு. இதற்கு மேல் இன்னொரு மீட்டரும் ஓடியது: தொலைபேசி. இணைய நேரம் ஒரு பக்கம் கரைய, லோக்கல் கால் பல்ஸ் இன்னொரு பக்கம் ஏறும். பின்னர் 172 என்று தொடங்கும் எண்களுக்கு அழைப்புக் கட்டணச் சலுகை வந்தபோது இரண்டாவது மீட்டரின் வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

இந்த இரட்டை மீட்டர் ஒரு பழக்கத்தையே உருவாக்கியது. மின்னஞ்சலை முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு டயல் செய்து, அனுப்பியதும் வெட்டிவிடுவது. பிரவுசரில் படங்களை நிறுத்திவைப்பது. இறக்கிய பக்கத்தை இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பது. எத்தனை பைட் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மோடம் வேகத்தில் கேட்க என்ன இருக்கிறது.

1998 நவம்பரில் தனியாருக்கு வழி திறந்தது. முதலில் வந்த சத்யம் இன்ஃபோவே சென்னை நிறுவனம். தொலைபேசிக் கம்பி வழி பிராட்பேண்டான டிஎஸ்எல்லை இந்தியாவில் முதலில் விற்க முயன்றவற்றில் ஒன்றான டிஷ்நெட்டும் சென்னையிலிருந்துதான் கிளம்பியது. 2002இல் சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கடலடிக் கேபிள் வந்தது. 2004இல் டாடாவின் கேபிள். அடுத்து சீ-மீ-வீ 4. கரையில் கொள்ளளவு குவியத் தொடங்கியது. அது வீடு வரை வந்து சேர்வது வேறு கதை.

பைட் கணக்கு

2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. எப்போதும் இணைப்பில் இருப்பது, குறைந்தது 256 கேபிபிஎஸ் என்பது அதில் வரையறை. எப்போதும் இணைப்பில் இருக்கும் ஒன்றை மணிக்கணக்கில் விற்க முடியாது. ஆக, மீட்டர் பைட்டுக்குத் தாவியது. அதே கொள்கை இன்னொரு முடிவையும் எடுத்தது, அதன் விளைவு கட்டணத்தில் நீண்ட காலம் தெரிந்தது. அரசு நிறுவனங்களான பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் ஆகியவற்றின் செம்புக் கம்பிகளை மற்ற நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்துச் சேவை தர வழிசெய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த ஆண்டு ஏப்ரலில் பரிந்துரைத்திருந்தது. அரசு ஏற்கவில்லை. சிறு நகரங்களில் வீட்டுக்குள் வந்திருந்தது ஒரே கம்பி. அதனால் பிஎஸ்என்எல் என்ன வரம்பு வைத்ததோ அதுவே ஊருக்கு வரம்பு. 2010க்குள் 2 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் என்பது கொள்கையின் இலக்கு; அந்த ஆண்டு முடியும்போது இருந்தவை ஏறத்தாழ 1.1 கோடி.

பைட்டை அளப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் வெளிநாட்டு இணைப்பின் விலை. காரணம் பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. நிறுவனங்கள் கடலடிக் கொள்ளளவை வாங்குவது பைட் கணக்கில் அல்ல. நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற குழாயின் அகலத்தை வாங்குகின்றன. இரவு 8 முதல் 11 வரை எல்லா வீடும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அகலம். அதே குழாய் இரவு 3 மணிக்கு வெறுமனே கிடக்கிறது. அப்போது ஓடும் ஒரு ஜிபிக்கு நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. கல்யாண மண்டபத்தை முகூர்த்த நாளுக்காகக் கட்டிவிட்டு ஆடி மாதத்தில் சும்மா பூட்டிவைப்பது போல. ஆக, 2 மணி முதல் 8 மணி வரையிலான விலக்கு சலுகையே அல்ல. அக்காலக் கட்டண அட்டையிலேயே செலவின் உண்மை நிலவரத்துக்கு மிக அருகில் இருந்த வரி அதுதான். மற்ற வரிகள் பகல் 11 மணி பைட்டையும் இரவு 9 மணி பைட்டையும் ஒரே தராசில் போட்டன.

உள்நாட்டுக்குள்ளேயே போய்வரும் டேட்டாவையாவது விலக்கியிருக்கலாமே என்று தோன்றும். வேறு ஊர்களில் அது நடந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வைக்ஸ் என்ற இணையப் பரிமாற்ற மையத்தின் வழியாக வரும் டேட்டாவை உள்ளூர் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் வரம்பில் சேர்க்காமல் விட்டன. அவர்களுக்கும் கடலடிக் கேபிள்தான் சுமை. உள்ளூர்ப் போக்குவரத்து மலிவு. இந்தியாவில் 2003இல் நிக்ஸி என்ற பரிமாற்ற மையம் தொடங்கப்பட்டது. சென்னையும் அதன் தொடக்ககால மையங்களில் ஒன்று. ஆனால் அங்கே டேட்டாவைக் கேட்டு இழுப்பவர் பணம் தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். வீட்டு வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் நிறுவனம் எப்போதும் இழுக்கும் பக்கம்தான். உள்நாட்டு பைட்டுக்கும் விலைச்சீட்டு ஒட்டியாயிற்று. போதாக்குறைக்கு, இந்தியர்கள் பார்த்த தளங்களில் பெரும்பாலானவை அமெரிக்க சர்வர்களில் இருந்தன. பெர்த் மாதிரி ஒரு விலக்கு இங்கே முளைக்காமல் போனதற்கு இவ்விரண்டும் போதுமான காரணங்கள் என்று நினைக்கிறேன்.

2007 ஜனவரி

வரம்பை ஜிபியில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். முழு வேகத்தில் ஓடவிட்டால் எவ்வளவு நேரத்தில் தீரும் என்று பார்க்க வேண்டும். 1 ஜிபி வரம்பை எடுத்துக்கொள்வோம். 256 கேபிபிஎஸ் வேகத்தில் அது தீர 8 மணி 40 நிமிடம் ஆகும். 2007 ஜனவரியில் பிஎஸ்என்எல் தன் இணைப்புகளை 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்தியது. நல்ல செய்திதான். ஆனால் அதே 1 ஜிபி இப்போது 67 நிமிடத்தில் காலி. 2.5 ஜிபி என்றால் 2 மணி 47 நிமிடம். எம்பிக்கு ஒரு ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், வரம்பு தாண்டிய அடுத்த ஒரு ஜிபிக்கு ஆயிரம் ரூபாய். வேகம் கூடக் கூட பில் பயமும் கூடியதற்கு இதுவே கணக்கு.

இரவுப் பக்கம் இதற்கு நேர்மாறு. 256 கேபிபிஎஸ்ஸில் ஆறு மணி நேரத்துக்கு 690 எம்பி, கிட்டத்தட்ட ஒரு சிடி. படங்கள் 700 எம்பிக்கு அளவெடுத்துச் சுற்றில் வந்த காலம் அது. ஒரு ராத்திரிக்கு ஒரு படம் என்று கணக்கு பொருந்தியது. 2 எம்பிபிஎஸ் முழுதாக வந்தால் (எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளியிருந்தால் வராது) ஒரே இரவில் 5.4 ஜிபி. மாதம் முழுவதற்குமான பகல் ஒதுக்கீட்டைப் போல இரண்டு மடங்கு. ஒரே கம்பியில், ஒரே திட்டத்தில், ஒரே மாதச் சந்தாவில்.

‘அன்லிமிடெட்’

பில் பயத்துக்கு விடையாக வந்தது அன்லிமிடெட். முதல் வடிவம் நேர்மையானது: பிஎஸ்என்எல்லின் 900 ரூபாய்த் திட்டம் 256 கேபிபிஎஸ்ஸில் வரம்பில்லாமல் ஓடியது. மாதம் முழுக்க நிற்காமல் இழுத்தாலும் 83 ஜிபிக்கு மேல் வராது. வேகமே வேலியாக இருந்தது, தனியே இன்னொன்று போட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வடிவம் நியாயப் பயன்பாட்டுக் கொள்கை, எல்லோர் வாயிலும் ‘எஃப்யுபி’. இத்தனை ஜிபி வரை ஒரு வேகம், அதன் பின் கைவண்டி வேகம். விளம்பரத்தில் மட்டும் அன்லிமிடெட். எதை இங்கே நியாயம் என்றார்கள் என்பது கொள்கையைப் படித்தாலும் புரியாது. 2012 ஜூலையில் டிராய், வரம்பு எவ்வளவு, அதற்கு முன்னும் பின்னும் வேகம் எவ்வளவு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. 2016 அக்டோபர் 31 உத்தரவு ஒரு படி மேலே போனது: வீட்டு பிராட்பேண்டில் வரம்பு தாண்டினாலும் வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்கக் கூடாது. கணக்குப் போட்டால் இது மாதத்துக்கு 166 ஜிபி என்ற தரைமட்டம். பழைய 900 ரூபாய் அன்லிமிடெட்டைப் போல இரண்டு மடங்கு, அதுவும் தண்டனையாக!

முகவரி பார்த்து

இதற்கிடையே விலக்கின் இன்னொரு வகை கைப்பேசி வழியாக நுழைந்தது. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க்கை ஆறு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. தேர்ந்தெடுத்த சில தளங்களுக்கு டேட்டா கணக்கில்லை. ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ அறிவிப்பு வந்தது: செயலி நிறுவனம் பணம் கட்டினால் அந்தச் செயலிக்கு வாடிக்கையாளரின் டேட்டா கழியாது. அதில் சேர இருந்த ஃபிளிப்கார்ட் எதிர்ப்பைக் கண்டு ஏப்ரல் 14 அன்று விலகியது. எல்லாத் தளங்களையும் சமமாக நடத்தும் இணைய நடுநிலை வேண்டும் என்று டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று வந்த ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டா கட்டணத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்றது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். வீட்டு இணைப்புக்கும் இது பொருந்தும்.

கவனிக்க வேண்டியது, இந்த விதி இரவுச் சலுகையைத் தொடவில்லை. இரவு 3 மணிக்கு வருவது பாட்டா, பாடப்புத்தகமா, யாருடைய சர்வர் என்று கடிகாரம் கேட்பதில்லை. முகவரி விலக்கு கேட்கிறது. நெட்வொர்க்கில் எங்கே இடம் காலியாக இருக்கிறது என்பதை முதலாவது காட்டுகிறது. யார் யாரோடு ஒப்பந்தம் போட்டார் என்பதை இரண்டாவது காட்டுகிறது.

எல்லைக்கோடு இவ்வளவு தெளிவாக இல்லாத இடமும் உண்டு. அமெரிக்காவில் காம்காஸ்ட் 2008 அக்டோபரில் வீடுகளுக்கு மாதம் 250 ஜிபி வரம்பு வைத்தது. 2012இல், எக்ஸ்பாக்ஸ் 360 வழியாகப் பார்க்கும் தன்னுடைய எக்ஸ்ஃபினிட்டி டிவியை அந்த வரம்பில் சேர்ப்பதில்லை என்றது. அது பொது இணையத்தில் வருவதில்லை, தங்கள் தனி நெட்வொர்க்கில் வருகிறது என்று காரணம் சொன்னது. நெட்ஃபிளிக்ஸின் அன்றைய தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ், என் படமும் அதே எக்ஸ்பாக்ஸில், அதே வீட்டுக் கம்பியில்தானே வருகிறது என்ற வகையில் வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். இந்திய விதியிலும் மூடிய நெட்வொர்க்குகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் தடையைச் சுற்றிப்போக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கூடவே எழுதிவைத்தார்கள். 2017 நவம்பரில் இணைய நடுநிலை பற்றிய டிராய் பரிந்துரை, உள்ளடக்கத்தை ஊருக்கு அருகிலேயே சேமித்துவைத்து வழங்கும் சிடிஎன் அமைப்புகளையும் நடுநிலை விதிகளுக்கு வெளியே நிறுத்தியது. யூடியூப் வீடியோ சென்னையிலேயே உள்ள சேமிப்பு சர்வரிலிருந்து வரும்போது நிறுவனத்தின் செலவு குறைகிறது. அந்தக் குறைவு வாடிக்கையாளருக்கு வேகமாகக் கிடைக்கலாம், விலையாகக் கிடைக்காது. பெர்த் வாடிக்கையாளருக்கு அது ஜிபியாகவே கிடைத்தது.

3,300 ஜிபி

2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வணிகச் சேவைக்கு வந்தபோதும் திட்டங்களில் ஜிபி வரம்பு இருந்தது. ஓராண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் இறுதியில், 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் அன்லிமிடெட் என்று மாற்றியது, ஏர்டெல்லும் பின்தொடர்ந்தது. நிபந்தனைகளைப் படித்தவர்களுக்கு 3,300 ஜிபி என்ற எண் கண்ணில் பட்டது. 30 எம்பிபிஎஸ்ஸில் அது தீர பத்து நாளுக்குச் சற்று மேல் ஆகும். 2007இல் 2 மணி 47 நிமிடம். சாதாரண வீடு இந்த எண்ணை முட்டுவதற்கு வாய்ப்பே இல்லை என்பதால் இதை யாரும் வரம்பு என்று எண்ணவும் இல்லை.

இரவுச் சலுகைக்கு வேலையில்லாமல் போனது இப்படித்தான். படத்தை இறக்கிவைத்துப் பார்த்த காலம் போய், ஓடும்போதே பார்க்கும் காலம் வந்ததும் ஒரு காரணம். இரவு 9 மணிக்குப் பார்க்க வேண்டியதை விடியற்காலை 3 மணிக்கு ஸ்ட்ரீம் செய்து என்ன பயன். நெரிசல் மட்டும் பழைய இடத்தில்தான் இருக்கிறது: சாப்பாட்டு நேரத்துக்குப் பின் ஒரு தெருவே ஒரு ஃபைபர் கிளையைப் பகிரும் அந்த மூன்று மணி நேரத்தில். 3,300 ஜிபி மீட்டருக்கு அது தெரியாது. இரவு 9 மணி பைட்டையும் 3 மணி பைட்டையும் அது ஒன்றாகவே எண்ணுகிறது.