மூழ்கிய தேயிலையின் மேல் ஒரு நங்கூரம்

நோர்ட்டன் பிரிட்ஜ் வீதியில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நின்றிருந்த ஒரு மாலைப்பொழுதில், கரையோரத்தில் ஓர் இளைஞன் இரும்புக் கம்பி வளைத்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழும்பில் சில காலம் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவன். சுற்றுலா விடுதியொன்று கழித்துவிட்ட பழைய பிளாஸ்டிக் கயாக் ஒன்று அவனுக்கு மலிவாகக் கிடைத்திருந்தது. அதில் ஏறித் தூண்டில் போடுவதற்குத்தான் அந்தக் கம்பி. "என்ன தம்பி செய்கிறாய்?" என்றேன். "நங்கூரம் ஐயா. கல்லுக் கட்டினா படகு நிக்க மாட்டேங்குது" என்றான்.

கடலிலிருந்து இத்தனை உயரத்தில் நங்கூரமா என்று வியப்பவர்கள் இந்த நீரின் வரலாற்றைச் சற்று அறிய வேண்டும்.

களனி கங்கைக்குத் தாய் ஆறுகள் இரண்டு. ஒன்று கெஹெல்கமு ஓயா, மற்றது மஸ்கெலி ஓயா. இவற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். அது நிறைவேற நெடுங்காலம் சென்றது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணை 1965இலும், மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாக்கலை அணை 1969இலும் பயன்பாட்டுக்கு வந்தன. கொழும்பின் விளக்குகள் எரிந்தன. இங்கே தேயிலை மலைகளின் அடிவாரங்கள் நீருக்குள் போயின. பழைய மஸ்கெலியா நகரமும் மூழ்கியது. கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் மவுசாக்கலையில் நீர் வற்றும்போது பழைய சண்முகநாதர் ஆலயமும், விகாரையும், பள்ளிவாசலின் எச்சங்களும் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். அவ்வேளைகளில் படம் எடுக்க ஓடிய பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன்.

காலப்பொருத்தத்தை வாசகர் கவனிக்க வேண்டும். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது 1964 அக்டோபர் 30இல். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று, மனிதர்களைத் தேயிலைப் பெட்டிகளைப் போல எண்ணிப் பிரித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் காசல்ரீயில் நீர் நிறைந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களுக்கு, தாம் கொழுந்து பறித்த மலை நீருக்குள் போவதைப் பற்றி என்ன சொல்லும் உரிமை இருந்திருக்கும்?

மீனுக்கு வருவோம். நுவரெலியா ஓடைகளில் வெள்ளைக்காரத் துரைமார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அது தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்கு. சாதாரண மக்களின் சட்டிக்கு வந்தது திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீனை நம்மவர் என்ன காரணத்தாலோ "ஜப்பான் மீன்" என்றழைக்கின்றனர். நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசு 1990இல் கைவிட்டு, 1994இல் மீண்டும் தொடங்கியது. இதற்கெனத் தனி அதிகார சபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவானது.

இனி நங்கூரம். இச்சொல்லே பாரசீக "லங்கர்" என்பதிலிருந்து வந்தது என்பர். காலித் துறைமுகத்தின் அடியிலிருந்து அகழ்வாய்வாளர்கள் வெளியே எடுத்தவற்றுள் இந்திய - அரேபிய வகைக் கல் நங்கூரமும் உண்டு. அது நீண்ட கற்பாளம். மேலே கயிற்றுக்கு ஒரு துளை. கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சதுரத் துளைகள். அவற்றில் மரக்கட்டைகளைச் செருகினால் நான்கு கைகள். கல் பாரத்தைத் தரும், மரம் மண்ணைக் கவ்வும். இந்துமாக்கடலில் பல நூற்றாண்டுகள் மரக்கலங்களை நிறுத்திவைத்த அமைப்பு அது. காசல்ரீ இளைஞன் அதைக் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் அவன் கையில் இருந்தது அதே நான்கு கைகள்தான்.

ஏன் வெறுங்கல் போதாது? கருங்கல் நீரினும் ஏறத்தாழ 2.65 மடங்கு கனமானது. ஆகவே 10 கிலோக் கல் நீருக்குள் 6 கிலோவுக்குச் சற்று மேல்தான் நிறுக்கும். சேற்றின்மேல் அது வழுக்கிச் செல்லும். கயாக்கிலோ 10 கிலோவைத் தூக்கி வைக்கவே இடமில்லை. அவன் செய்தது இது: ஓரங்குலக் குழாயில் 20 சென்டிமீட்டர்த் துண்டு ஒன்று. அதனுள் 40 சென்டிமீட்டர் நீளமான 10 மில்லிமீட்டர்க் கம்பிகள் நான்கு, ஒரு முனையில் கொக்கிகளாக வளைக்கப்பட்டவை. மறுமுனையில் வளையம். மொத்தம் ஒன்றரைக் கிலோ. வளையத்துக்கு மேல் ஒரு முழம் பழைய சங்கிலி, பிறகு நைலோன் கயிறு. சங்கிலி கயிற்றின் அடிப்பகுதியைத் தரையோடு அழுத்துவதால் இழுவை கிடையாக வரும், கொக்கி மண்ணுக்குள் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனவே கயிறு நீரின் ஆழத்தைப்போல் பல மடங்கு நீளமாயிருக்க வேண்டும். காற்று வீசும் நாளில் 20 அடி ஆழத்துக்கு 100 அடியாவது விடவேண்டும்.

ஆனால் காசல்ரீயின் தரை கடல்மணல் அன்று. நீருக்கடியில் தேயிலைத் தூர்கள் இருக்கின்றன. கொக்கி அவற்றில் மாட்டினால் நங்கூரமும் போயிற்று, கயிறும் போயிற்று. அவன் முதலாவதை அப்படித்தான் இழந்தானாம். "எங்க தாத்தா கவ்வாத்து வெட்டின செடிதான் ஐயா புடிச்சு வச்சிருக்கு" என்று சிரித்தான். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

அதற்கு அவன் கண்ட வழி எளியது. சங்கிலியை வளையத்தில் நிரந்தரமாகக் கட்டாமல், கொக்கிகள் பிரியும் அடிமுனையில் கட்டுகிறான். பிறகு அதைக் குழாயோடு மேலே கொண்டுவந்து, வளையத்தில் மெல்லிய நூலால் ஒரு முடிச்சு. சாதாரண இழுவையை நூல் தாங்கும். தூரில் மாட்டினால் படகை மேலே கொண்டுவந்து வலுவாக இழுக்க வேண்டியதுதான். நூல் அறும், நங்கூரம் தலைகீழாகப் புரண்டு அடிமுனை வழியே விடுபட்டு வரும். மாலுமிகள் அறிந்த பழைய உத்திதான்.

ஒன்றை மட்டும் நான் வலியுறுத்திச் சொன்னேன். கயிறு படகின் விலாவில் கட்டியிருந்தது. பல்லாண்டுகளுக்கு முன் மலையகத்து நீர்த்தேக்கம் ஒன்றில் இருவர் மூழ்கிய செய்தியை எழுதச் சென்றிருந்தேன். தென்மேல் பருவக்காற்றுக் காலம். பக்கவாட்டில் கல் கட்டிய சிறு வள்ளத்தைத் திடீர்க் காற்று குறுக்காகத் திருப்பியது, கயிறு ஒரு பக்கத்தைக் கீழே இழுத்தது, நீர் உள்ளே புகுந்தது. முடிச்சை அவிழ்க்க நேரமில்லை, கத்தியும் இல்லை. கரைக்கு இழுத்து வந்த வள்ளத்தில் கயிறு அப்படியே இறுகிக் கிடந்ததை இன்றும் மறக்கவில்லை. முனையில் அல்லது பின்புறத்தில் மட்டுமே கட்டு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டு, கையெட்டும் தூரத்தில் கத்தி வை, மிதவை அங்கி இல்லாமல் இறங்காதே என்றேன்.

அவன் மறுபேச்சுப் பேசாமல் கயிற்றை அவிழ்த்து முனைக்கு மாற்றினான். கயிற்றின் மறுநுனியில் காலிப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றையும் கட்டினான். ஆபத்தில் கயிற்றைக் கைவிட்டாலும் போத்தல் மிதக்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். அங்கி வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்றான். அது வரும்வரை கரையிலிருந்தே தூண்டில் போடுவதாக ஒப்புக்கொண்டு, கயாக்கைக் கரையேற்றி மரத்தில் கட்டினான்.