செப்பேட்டில் இல்லாத சிவகாமி

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. காஞ்சிக்காரர்களுக்கு அது ஊர்க்கதை. மகேந்திரவர்மரையும் மாமல்லரையும் பக்கத்துத் தெருக்காரர்கள் போலப் பேசுவோம். எங்கள் ஓரிக்கைக்குப் பெயர் வந்த கதையிலும் ஒரு பல்லவ அரசன் உண்டு. அது வேறு சமாசாரம். நான் இப்போது மூன்றாம் முறையாக நான்கு பாகங்களையும் படித்து முடித்தேன்.

சரித்திரத்தில் பகைக்குக் காரணம் தெளிவு. மகேந்திரவர்மனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்க வைத்ததாகப் புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டு (634) பெருமை பேசுகிறது. மகன் நரசிம்மவர்மன் 642 வாக்கில் வாதாபியைப் பிடித்தான்; அவனுடைய கல்வெட்டு வாதாபிப் பாறையிலேயே இருக்கிறது. புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகிலேயே வெற்றி என்று எழுதினான் என்கிறது, காஞ்சிக்கு அருகில் கூரத்தில் கிடைத்த செப்பேடு. தளபதி பரஞ்சோதி பெரியபுராணத்தில் சிறுத்தொண்டராக இருக்கிறார். சிவகாமி மட்டும் எதிலும் இல்லை. அவளும் தகப்பனார் ஆயனரும் முழுக்கக் கல்கியின் கற்பனை.

இல்லாத அந்தப் பெண்ணுக்காகத்தான் இளவயதில் தூக்கம் கெட்டேன். சிறைப்பட்ட தமிழர்களைச் சவுக்கடியிலிருந்து காப்பாற்ற வாதாபி நாற்சந்தியில் ஆடுகிறாளே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இப்போது என்னை நிறுத்தியது வேறு இடம். மாமல்லர் மாறுவேடத்தில் வந்து கூப்பிடும்போது, வாதாபி எரியாமல் வரமாட்டேன் என்கிறாள். அந்த ஒரு சொல்லுக்குப் பின் ஒன்பது வருஷம் போகிறது. எரியப்போகும் ஊரிலும் நெசவாளியும் குயவனும் இருந்திருப்பார்களே என்று இந்த வயதில்தான் தோன்றுகிறது.

பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆதலால் மதாம் தெ லா ஃபாயெத் 1678-இல் எழுதிய கிளேவ் இளவரசியும் நினைவுக்கு வருகிறாள். அங்கும் நிஜ ராஜாக்கள் நடுவே ஒரு கற்பனைப் பெண். தடை நீங்கிய பிறகும் காதலனை வேண்டாமென்று ஒதுங்குகிறாள். அவளுக்குத் தேர்ந்தெடுக்கும் இடமாவது இருந்தது. சிவகாமி ஊர் திரும்பும்போது மாமல்லருக்குப் பாண்டிய குமாரி வானமாதேவி மனைவி, இரண்டு குழந்தைகள். ஏகாம்பரநாதரைக் கணவராக வரிப்பதைத் தவிர அவளுக்கு என்ன மிச்சம்?

வானமாதேவியை முன்பு நான் கண்டுகொண்டதே இல்லை. கல்கி அவளுக்குக் கொடுத்த பக்கங்களும் சொற்பம். இம்முறை அவற்றை மட்டும் திரும்ப எடுத்துப் படித்தேன்.