சிறுமூளையும் மூச்சும்

சிறுமூளை பிடரிக்கு மேலே, பெருமூளையின் கீழ்ப்புறத்தில் உள்ளது. மூளையின் எடையில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நரம்பணுக்களிலோ ஐந்தில் நான்கு பங்கு இதற்குள்தான். நடை, சமநிலை, பேச்சு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் இவ்வுறுப்பு, செய்யும் வேலைக்கு ஏற்ப மூச்சை இசைவாக்குவதிலும் பங்கெடுக்கிறது.

மூச்சின் தாளம் இங்கே பிறப்பதில்லை. அது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் பிரீபோட்சிங்கர் தொகுதியில் எழுவதாக 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுமூளையை நீக்கிய விலங்கும் மூச்சு விடும். ஆனால் சிறுமூளையின் ஆழத்திலுள்ள ஃபாஸ்டிஜியல் உட்கரு சிதைந்த பூனைகளுக்கு, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடும்போது மூச்சு வேண்டிய அளவு உயர்வதில்லை.

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்துக்காக மகா தீபக் கொப்பரையைத் தோளில் சுமந்து 2,668 அடி மலைமேல் கொண்டுசெல்வார்கள். சிறுமூளையின் வேலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. சுமையைத் தூக்கும் கணத்தில் மூச்சு நிற்கிறது. உதரவிதானம் இறுகி, முதுகெலும்புக்குத் தாங்கலாகிறது. அடி எடுத்து வைத்ததும் அதே தசை மூச்சுக்குத் திரும்ப வேண்டும். ஏறத் தொடங்கிய சில நொடிகளில், இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதற்கு முன்பே, மூச்சு வேகம் பிடித்துவிடுகிறது. பெருமூளை இடும் கட்டளையின் நகலும், கால் தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தியும் சிறுமூளையில் சந்திப்பதால், இந்த முன்னேற்பாட்டில் அதற்கும் பங்கிருப்பதாகக் கருதப்படுகிறது. வழியில் “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று குரல் எழுப்பும்போது வெளிமூச்சு நீள்கிறது, அடுத்த உள்மூச்சு சட்டென முடிகிறது. சிறுமூளை பழுதுபட்டவர்களுக்குக் குரலுக்கும் மூச்சுக்கும் இடையிலான இந்தப் பங்கீடுதான் குலைகிறது: சொல் துண்டுதுண்டாகும், குரல் திடீரென ஓங்கித் தாழும், வாக்கியம் முடியுமுன் காற்று தீர்ந்துபோகும்.

1969இல் விவரிக்கப்பட்ட ஜூபேர் நோய்க்குறியில் சிறுமூளையின் நடுப்பகுதியான வெர்மிஸ் சரியாக வளர்வதில்லை. அக்குழந்தைகள் சில நொடிகள் இரைத்து, பின்னர் மூச்சை நிறுத்துவார்கள். மூளைத்தண்டும் பிறழ்ந்திருப்பதால், பழியைச் சிறுமூளையின் மேல் மட்டும் போடுவது சரியல்ல.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது எஸ்சிஏ 1 என்னும் பரம்பரைச் சிறுமூளைத் தேய்வு. தமிழகத்தின் ஒரு சமூகத்தில் இது மிகுதியாகக் காணப்படுவதாக 2005இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. தடுமாறும் நடையில் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல விழுங்குதலையும் இருமலையும் பலவீனமாக்கி, கடைசியில் மூச்சையே பாதிக்கும் நோய் இது. நடையை மட்டும் பார்த்து மருந்து கேட்கும் குடும்பங்கள், சாப்பிடும்போது புரையேறுவதையும் இருமலின் வலு குறைவதையும் மருத்துவரிடம் தொடக்கத்திலேயே சொல்வது மிக அவசியம்.