மணலில் எழுதிய பாதிரியார்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், டேனிஷ் கோட்டையை ஒரு சுற்று சுற்றுவார்கள், மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் பொறையாறு பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். நான் மயிலாடுதுறை வட்டாரத்தில் ஒன்றாம் வகுப்பு வாத்தியாராகவே காலத்தைக் கழித்தவன். எனக்கு அந்த ஊரில் கோட்டையைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. 1706ஆம் ஆண்டு, 24 வயது ஜெர்மானியர் ஒருவர் அங்கே சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரல் வைத்துத் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

நாலு ஊர் போய்வந்தால் புத்தி விரியும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. போனால் மட்டும் விரியாது. அதற்கும் தரங்கம்பாடியே சாட்சி, எப்படிப் போனால் விரியும் என்பதற்கும் தரங்கம்பாடியே சாட்சி.

ஊர் பழையது. அலை அரித்துத் தின்ற மாசிலாமணிநாதர் கோயிலில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு, இந்த இடத்தைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பாண்டியர் போய், தஞ்சையில் நாயக்கர் ஆண்டபோது, 1620இல் டென்மார்க்கிலிருந்து ஓவே கெடே என்ற தளபதி கப்பலோடு வந்து ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டார். வந்தவர்களுக்கு வேண்டியது மிளகு. இருந்தவருக்கு வேண்டியது துறைமுக வருமானம். ரகுநாதர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அதே காலத்தில் எழும்பியதுதான் டான்ஸ்போர்க் கோட்டை.

கோட்டைக்குள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் டேனிஷ்காரர்கள் குடியிருந்தார்கள். கடைசியில் 1845இல், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் பலர் இங்கேயே வாழ்ந்து, இங்கேயே இறந்து, இங்கேயே புதைந்தவர்கள். ஆனால் ஊராரோடு வியாபாரப் பேச்சு கடற்கரைப் போர்ச்சுகீசிய மொழியிலேயே நடந்தது. மற்றதற்கு மொழிபெயர்த்துச் சொல்லத் துபாஷி இருந்தார். ஏழு மாதம் கடலில் உருண்டு வந்தவர்களுக்குக் கோட்டை வாசலிலிருந்து நாலு தெரு தள்ளி நடக்கத் தோன்றவில்லை. பயணம் என்று பார்த்தால் அவர்கள் செய்ததும் பயணம்தான். அதனால் அவர்களுக்கு என்ன ஆயிற்று? சம்பளம் ஏறியது, அவ்வளவுதான்.

சீகன்பால்கும் அதே கடல் வழியாகத்தான் வந்தார். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தவர், உடல்நலம் குன்றியவர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் கிறிஸ்தவம் பரப்ப ஆள் தேடியபோது இவரும் நண்பர் ஹைன்ரிக் புளுட்சோவும் அகப்பட்டார்கள். 1705 நவம்பரில் 'சோபியா ஹெட்விக்' கப்பலில் ஏறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள்.

அனுப்பியது மன்னர் என்றாலும், கோட்டைக்காரர்கள் வரவேற்கவில்லை. மதப் பிரச்சாரம் வந்தால் வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கணக்கு. கோட்டைத் தளபதி ஹாசியுஸ் இருவரையும் கடைவீதியில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரோ ஒருவர் இரங்கி இடம் காட்டும்வரை, மன்னர் அனுப்பிய மனிதர்கள் தெருவில் நின்றார்கள். தன் நிறத்துக்காரனே கதவைச் சாத்திய பிறகு, திரும்பிப் பார்க்க ஊர் ஒன்றுதான் இருந்தது. அந்த அவமானம் சீகன்பால்குக்கு நல்லதாகவே முடிந்தது என்று நான் நினைப்பதுண்டு.

அவர் செய்த முதல் காரியம், வயதான தமிழ் வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் சொன்னது. பிள்ளைகள் வந்தார்கள், மணலைப் பரப்பினார்கள், வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதினார்கள். பாதிரியாரும் அவர்கள் நடுவே உட்கார்ந்துகொண்டார். ஒன்றாம் வகுப்பு எடுத்தவன் என்பதால் இதன் கஷ்டம் எனக்குத் தெரியும். வளர்ந்தவருக்கு எழுத்து கடினமில்லை. எதிரில் ஐந்து வயதுப் பிள்ளை தம்மைவிட நன்றாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்வதுதான் கடினம். லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்த தலை அது. அந்தத் தலையைக் குனிந்து மணலைப் பார்க்க வைப்பதற்கு ஏழு மாதக் கடல் பயணத்தைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

வாத்தியாருக்குத் தமிழ் தவிர வேறொன்றும் தெரியாது. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. அப்போது கிடைத்தவர் அழகப்பன். ஐரோப்பியர் வாயில் அலெப்பா. டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக இருந்தவர். போர்ச்சுகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு நான்கும் பேசுவார். இந்த மனிதரைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரி கிடையாது. ஊரில் இருந்தபடியே நான்கு தேசத்தை வாயில் வைத்திருந்தவர் அவர்தான். வெள்ளைக்காரருக்கு நம் சங்கதிகளைச் சொல்லிக் கொடுத்ததற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. தரங்கம்பாடியை விட்டே அவர் வெளியேற்றப்பட்டார்.

சீகன்பால்குவின் ஒரு நாள் எப்படிப் போனது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். காலையில் முதல் நாள் படித்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. பிறகு நண்பகல்வரை புதிய சுவடி. பக்கத்தில் வயதான புலவர் ஒருவர், எழுத்தர் ஒருவர். புலவர் விளக்குவார், தெரியாத சொல்லை எழுத்தர் குறித்துக்கொள்வார். சாப்பிடும்போதும் யாராவது சுவடி வாசிக்க, கேட்டுக்கொண்டே சாப்பிடுவது. மாலையில் மறுபடி சுவடி. கைம்பெண்களான பிராமணப் பெண்களிடமிருந்துகூட ஏடுகளை விலைக்கு வாங்கினார். 1708இல் தம்மிடம் சேர்ந்த சுவடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். நூறுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. திருக்குறள் அதில் உண்டு, சிவவாக்கியமும் உண்டு.

அதே ஆண்டு அவர் மூன்று தமிழ் நூல்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். எந்த மூன்று என்று பாருங்கள்: நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி. எல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தவை. தம் ஊருக்கு முதலில் அனுப்ப அவர் எடுத்தது நம் பிள்ளைகளின் பாடத்தைத்தான். அதோடு ஒரு முன்னுரையும் எழுதினார். இந்த நாட்டு மக்கள் கல்வியோ ஒழுக்கமோ இல்லாதவர்கள் என்று ஐரோப்பாவில் பலர் எண்ணுவதாகவும், வந்த புதிதில் தாமும் அப்படியே எண்ணியிருந்ததாகவும், மொழி தெரிந்து நூல்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டதாகவும் அதில் சொல்கிறார். இரண்டே ஆண்டில் வந்த மாற்றம் இது. கோட்டைக்காரர்களுக்கு இரண்டு நூற்றாண்டு போதவில்லை.

மாறியவருக்கு மாலை மரியாதை நடக்கவில்லை. ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் அவர் பரிந்து பேசப் போய், தகராறு முற்றி, 1708 நவம்பரில் ஹாசியுஸ் அவரைக் கோட்டைக்குள்ளேயே சிறை வைத்தார். நான்கு மாதம் கழித்துத்தான் வெளியே விட்டார்கள். இன்று டிக்கெட் வாங்கி நாம் சுற்றிப் பார்க்கும் அதே கோட்டை.

சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகம், பொறையாறு காகித ஆலை, 1715இல் நிறைவுபெற்ற தமிழ்ப் புதிய ஏற்பாடு பற்றியெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். அவர்கள் அதிகம் பேசாதது, 1712 முதல் 1714 வரை நடந்த கடிதப் போக்குவரத்து. சீகன்பால்கும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் தமிழர்கள் பலருக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். உங்கள் கடவுள் யார், திருமணம் எப்படி நடக்கிறது, வைத்தியம் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஜெர்மன் மொழியில் அச்சாயின. பெரும்பகுதி அழகப்பன் கைவண்ணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கடைசிக் கேள்விக்கு நம்மவர்கள் தாட்சண்யம் பார்க்கவில்லை. மாடு தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், ஒழுங்காகச் சுத்தம் செய்துகொள்வதில்லை, நீங்கள் சொல்லும் வேதத்துக்கும் உங்கள் ஆட்கள் நடத்தைக்கும் சம்பந்தமில்லை என்று எழுதினார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்துத் தம் நாட்டாரிடம் படிக்கக் கொடுத்தார்கள் பாதிரியார்கள். தன்னைப் பற்றிய வசவைத் தானே அச்சுக்கு அனுப்ப எத்தனை பேருக்கு மனசு வரும்?

1713இல் தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். சிவன், திருமால் முதல் ஐயனார், எல்லையம்மன், மாரியம்மன்வரை; படையல் என்ன, திருவிழா என்ன என்பதுவரை. கையெழுத்துப் படி ஹாலேவுக்குப் போயிற்று. அங்கிருந்து இந்த மதப்பணியை வழிநடத்திய பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிப்பதற்கு, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கல்ல என்பது அவர் வாதம். அந்த நூல் வெளிவந்தது 1867இல், அதுவும் நம் சென்னையில். சீகன்பால்கு வெகுதூரம் வந்துவிட்டிருந்தார். ஹாலே புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. 1714இல் சீகன்பால்கு ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிப்போனார். கப்பலில் தமிழ் பேச அவர்தான் துணை. லத்தீனில் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேவில் அச்சேறியதற்குப் பின்னால் அந்த இளைஞரின் நாக்கும் இருக்கிறது. அந்த ஆண்டே இருவரும் ஊர் திரும்பினார்கள். தரங்கம்பாடிப் பிள்ளை ஒருவர் பனி விழும் ஊரில் இருந்து, வாழ்ந்து, திரும்பி வந்த கதைக்குச் சிலை கிடையாது. சீகன்பால்குக்கு உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சீகன்பால்குவைத் தமிழ் முனிவராக்கிவிட நான் தயாரில்லை. கடைசிவரை அவர் மதம் மாற்ற வந்த பாதிரியார்தான். நம் ஒழுக்கத்தையும் நூல்களையும் மெச்சினார். நம் தெய்வங்களைப் பிழை என்றே எழுதினார். அவர் மாறியது பாதி தூரம். 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்தார். ராஜா வீதியில் 1718இல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

நம் பக்கத்துப் பாதியையும் சொல்லவேண்டும். ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வந்தவரை வாத்தியார் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்ட இதே ஊரில், அந்த ஆலயத்துச் சபைக்குள்ளேயே 18ஆம் நூற்றாண்டில் சாதிக் கிறிஸ்தவர்கள் ஒருபுறமும் தலித் கிறிஸ்தவர்கள் மறுபுறமுமாகப் பிரிந்துதான் உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரரோடு மணலில் உட்காரலாம், பக்கத்துத் தெருக்காரரோடு பாயில் உட்காரக்கூடாது. தூரத்து வித்தியாசத்தை நாம் வேடிக்கையாகப் பார்த்து ஏற்றுக்கொள்வோம். அருகிலிருக்கும் வித்தியாசம்தான் நமக்கு ஆகாது. சீகன்பால்குவின் பாதி தூரத்தைக் குறை சொல்வதற்குமுன் நம் பாதி தூரத்தை அளந்துகொள்வது நல்லது.

வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் பலர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு, போன இடத்தில் முதல் மாதமே ஒரு வாத்தியாரைத் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்துக்காரரை அல்ல, பக்கத்து வீட்டுக் கிழவியோ, மூலைக்கடைக்காரரோ போதும். அவர் திருத்தினால் கோபப்படாமல் மறுபடி சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நம்மூர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, நாலு வருடமும் அதற்குள்ளேயே இருந்துவிட்டு வந்தால் அது டான்ஸ்போர்க் கோட்டையில் குடியிருந்த கதைதான்.

போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. இன்று நம் ஊர் ஓட்டல்களிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிறைய. ஏழு மாதக் கப்பலில் இல்லை, இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள். அவர்கள் நம் மொழியைக் கடைவீதியிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்கள். நாம் அவர்கள் பெயரைக்கூட ஒழுங்காகக் கேட்டதில்லை. எல்லாரும் நமக்கு 'பையா'தான். அடுத்த முறை இலை போட வரும் தம்பியிடம், உன் ஊர் எது, உன் பாஷையில் சோற்றுக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தப்பாகச் சொன்னால் சிரிப்பான், சிரிக்கட்டும்.