12 டென்ஸ் மனப்பாடம் செய்தும் இங்கிலீஷ் தடுமாறுதா? சிக்கல் எங்கே... எளிய விளக்கம்

வேலைக்கான நேர்காணல். "அந்த கம்பெனியில் எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்கிறார்கள். இன்றைக்கும் அதே கம்பெனியில் வேலை பார்ப்பவர், "ஐ ஒர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று பதில் சொல்கிறார். கேட்டவர் மனதில் உடனே ஒரு சந்தேகம்: இவர் ஏன் அந்த வேலையை விட்டார்?

அவர் வேலையை விடவே இல்லை. "ஐ ஹேவ் ஒர்க்ட்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஹேவ்' விடுபட்டுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்தான் 'இன்னும் அங்கே இருக்கிறேன்' என்பதைச் சொல்லும் சொல்.

பள்ளியில் 12 டென்ஸ் அட்டவணையை ஒப்பிக்காதவர்கள் குறைவு. அப்படியிருந்தும் பேசும்போது ஏன் தடுமாறுகிறோம்? காலத்தைத் தமிழ் பிரிக்கும் விதம் வேறு, இங்கிலீஷ் பிரிக்கும் விதம் வேறு. அந்த வேறுபாடு எங்கே வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பிழைகள் தானாகவே குறையும்.

12 டென்ஸ் எப்படி வந்தது?

இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்று. ஒவ்வொன்றிலும் நான்கு நிலைகள்: சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். மூன்றை நான்கால் பெருக்கினால் 12.

பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு குறைவுதான். ஓர் இங்கிலீஷ் வினைச்சொல்லுக்குப் பெரும்பாலும் ஐந்து வடிவங்களுக்கு மேல் கிடையாது. உதாரணம்: டேக், டேக்ஸ், டுக், டேக்கன், டேக்கிங். எதிர்காலத்துக்கென்று தனி வடிவமே இல்லை. 'வில்' போன்ற துணைச்சொல்லைத்தான் சேர்க்க வேண்டும்.

தமிழில் 'சாப்பிட்டாள்' என்ற ஒரே சொல்லில் காலம், ஆண்பால் பெண்பால், ஒருமை பன்மை எல்லாம் அடங்கிவிடும். இங்கிலீஷில் 'ஏட்' என்றால் யார் சாப்பிட்டது என்றே தெரியாது. அதனால்தான் 'ஐ', 'ஷீ', 'தே' என்று எழுவாயை விடாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஹேவ்', 'டிட்', 'இஸ்' போன்ற துணைச்சொற்களுக்கு அங்கே இவ்வளவு மதிப்பு இருப்பதும் இதனால்தான்.

சரி, தமிழ் பேசுபவர்கள் அதிகம் சறுக்கும் 5 இடங்களைப் பார்க்கலாம்.

1. தினமும் நடப்பதா, இப்போது நடப்பதா?

"அவர் இன்சுலின் போடுகிறார்." இது தினசரிப் பழக்கமாகவும் இருக்கலாம், இந்த நிமிடம் போட்டுக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். தமிழில் இரண்டுக்கும் இதே வாக்கியம் போதும்.

இங்கிலீஷில் போதாது. பழக்கம் என்றால் "ஹீ டேக்ஸ் இன்சுலின்". இப்போது நடக்கிறது என்றால் "ஹீ இஸ் டேக்கிங் இன்சுலின் நவ்". இன்றைய டோஸ் போட்டாகிவிட்டது என்றால் "ஹீ ஹேஸ் டேக்கன் ஹிஸ் இன்சுலின்". ஒரு நர்ஸ் அடுத்த ஷிஃப்டில் வருபவரிடம் இதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டோஸ் இரண்டு முறை போகலாம், அல்லது போகாமலே விடுபடலாம்.

இன்னொன்று: தெரிவது, பிடிப்பது, சொந்தமாக இருப்பது போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். அவற்றுக்குப் பொதுவாக 'இங்' வராது. "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" வேண்டாம். "ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்" போதும். "ஐ ஆம் நோயிங்" என்பதும் அப்படித்தான். "ஐ நோ" என்றால் சரி.

2. 'எஸ்டர்டே' வந்தால் 'ஹேவ்' வராது

"நேத்தே மெயில் அனுப்பிட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். 'ட்டேன்' என்ற முடிவை 'ஹேவ்' என்று மொழிபெயர்த்து, "ஐ ஹேவ் சென்ட் தி மெயில் எஸ்டர்டே" என்று எழுதிவிடுகிறோம். இது தவறு.

முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டால் சிம்பிள் பாஸ்ட் மட்டும்தான்: "ஐ சென்ட் தி மெயில் எஸ்டர்டே". எப்போது என்பதைச் சொல்லாமல், வேலை முடிந்தது என்பதை மட்டும் தெரிவிக்கும்போது "ஐ ஹேவ் சென்ட் தி மெயில்".

3. '2019-லேர்ந்து' என்பதை எப்படிச் சொல்வது?

"2019-லேர்ந்து இங்கே வேலை பார்க்கிறேன்." தமிழில் இது நிகழ்காலம். அதை அப்படியே எடுத்துக்கொண்டு "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2019" என்று சொல்கிறோம்.

அன்று தொடங்கி இன்று வரை தொடர்வதற்கு இங்கிலீஷில் பெர்ஃபெக்ட் வேண்டும்: "ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் சின்ஸ் 2019" அல்லது "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019". தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்'. மொத்தக் கால அளவைச் சொன்னால் 'ஃபார்': "ஃபார் த்ரீ இயர்ஸ்". நேர்காணலில் சறுக்கியவருக்குத் தேவைப்பட்டது இந்த இடம்தான்.

4. "டிட் நாட் வென்ட்": ஏன் தவறு?

இதற்கான விளக்கம் தமிழிலேயே இருக்கிறது. 'போனேன்' என்பதில் காலம் தெரிகிறது. 'போகவில்லை' என்பதைப் பாருங்கள். போக + இல்லை. அதில் 'போன' என்ற இறந்தகால வடிவம் கிடையாது. 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை.

இங்கிலீஷிலும் இதே கதைதான். 'டிட்' வந்தாலே இறந்தகாலம் வந்துவிட்டது. வினைச்சொல் அடிப்படை வடிவத்துக்குத் திரும்பிவிடும். எனவே "ஐ டிட் நாட் கோ". கேள்விக்கும் இதே விதி: "டிட் யூ கோ?" அதேபோல 'டஸ்' வந்தால் வினைச்சொல்லில் இன்னொரு 'ஸ்' வேண்டாம்: "ஷீ டஸ் நாட் ஈட் மீட்".

5. 'நாளைக்கு வர்றேன்', 'அப்போ விளையாடுவோம்'

பேச்சுத் தமிழில் "நாளைக்கு வர்றேன்" என்று நிகழ்காலத்தை வைத்தே எதிர்காலத்தைச் சொல்லிவிடுவோம். இங்கிலீஷில் "ஐ கம் டுமாரோ" என்றால் ஒட்டாது. ஏற்கெனவே முடிவான ஏற்பாடு என்றால் "ஐ ஆம் கமிங் டுமாரோ". வாக்குறுதி அல்லது அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு என்றால் "ஐ வில் கம் டுமாரோ". ரயில், பேருந்து போன்ற நேர அட்டவணைக்கு மட்டும் "தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ" என்று சிம்பிள் பிரசன்ட் வரும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. "சின்ன வயசுல தெருவுல கிரிக்கெட் விளையாடுவோம்." நடந்தது பழைய கதை, ஆனால் 'விளையாடுவோம்' என்பது எதிர்கால வடிவம். அதை "வீ வில் பிளே" என்று மாற்றினால், இனிமேல்தான் விளையாடப் போகிறோம் என்றாகிவிடும். விட்டுப்போன பழக்கத்துக்கு 'யூஸ்ட் டு' வேண்டும்: "வீ யூஸ்ட் டு பிளே கிரிக்கெட் இன் தி ஸ்ட்ரீட்".

தேர்வுகளில் எவ்வளவு முக்கியம்?

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் எழுதப்படும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பிரிவில் நான்கு அளவுகோல்கள் உள்ளன: சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. அதாவது பேச்சுக்கான மதிப்பெண்ணில் கால் பங்கு இலக்கணத்துக்கு. மீதி முக்கால் பங்கு மற்றவற்றுக்கு என்பதையும் மறக்க வேண்டாம். பிழை வந்துவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்தால் சரளமும் போய்விடும்.

எப்படிப் பழகுவது?

12 டென்ஸையும் ஒரே நாளில் பிடிக்க முயல வேண்டாம். தினமும் மூன்று வாக்கியங்கள் போதும். தினமும் செய்யும் ஒன்று, நேற்று செய்த ஒன்று, வெகு நாளாகத் தொடரும் ஒன்று. அவற்றைச் சொந்த வாழ்க்கையிலிருந்தே எடுத்து, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

வாய் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகள்:

* இது பழக்கமா, இப்போது நடப்பதா?
* முடிந்துவிட்டதா, இன்னும் தொடர்கிறதா?
* எப்போது என்று நேரத்தைச் சொல்கிறேனா, இல்லையா?

இவற்றுக்கு விடை தெரிந்தால், அன்றாடம் தேவைப்படும் டென்ஸ் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். மற்றபடி அட்டவணை எங்கும் போய்விடாது. சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.