திண்ணைப் பாயும் இரு மருந்துகளும்

சயரோகத்தை அறபு வைத்திய நூல்கள் 'ஸில்' என்கின்றன. அது ஒருவரிடமிருந்து மற்றவரைப் பற்றக்கூடியதென இப்னு ஸீனா தமது 'கானூன்' நூலில் எழுதியுள்ளார். எங்கள் திருவாடானைப் பக்கத்தில் முன்பெல்லாம் அந்நோய் கண்டவருக்குத் தட்டும் தம்ளரும் தனி, பாய் திண்ணையில். அவ்வீட்டாரை நான் குறை சொல்ல மாட்டேன். அச்சம் அப்படிச் செய்வித்தது.

ஸ்ட்ரெப்டோமைஸின் வந்ததும் கவலை தீர்ந்ததென்று பலரும் எண்ணினர். 1948இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சோதனை வேறு செய்தி சொன்னது: அம்மருந்தைத் தனியே கொடுத்தால் சில மாதங்களிலேயே கிருமி அதற்குப் பணியாமற் போகிறது! மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலன்றி வழியில்லை. ஆனால் அத்தனை ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எங்கே போவது?

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், மேற்படி கவுன்சில் ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் ஒரு நிலையம் கண்டன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும், மறு சாராரை நெருக்கடி மிகுந்த தத்தம் வீடுகளிலும் வைத்து, இரு சாராருக்கும் ஐசோனியாஸிட், பி.ஏ.எஸ். என்னும் இரு மருந்துகளையே ஓராண்டு கொடுத்தனர். அங்கே நல்லுணவும் ஓய்வும். இங்கே வறுமையும் உழைப்பும். 1959இல் வெளியான முடிவு: குணம் பெற்றதில் பெரிய வித்தியாசமில்லை, நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் வீட்டாரை நோய் அதிகமாகப் பற்றவுமில்லை.

சுகம் தெரிந்ததும் மருந்தை நிறுத்துவோர் அன்றும் இருந்தனர். அவர்கள் பொருட்டே, வாரம் இருமுறை வரவழைத்துக் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் அந்நிலையத்தார் 1960களில் சோதித்தறிந்தனர்.